நங்கூரச் சந்தின் வடிகால் கோடுகள்

ஜூன் 9, திங்கள்

பக்கத்து வீட்டு லூர்து மேரி, கோயில் வாசலில் நின்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல. நான் மகனோடு பந்தயம் கட்டிக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேரவில்லை. பந்தயம் கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் கணவர் இக்னேஷியஸ் இருந்த காலம் முழுவதும் இந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்ததில்லை. எனக்கும் மகனுக்கும் இடையே நடந்தது ஓர் ஒப்பந்தம். அதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

போன மழைக்கு நங்கூரச் சந்தில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. என் வீட்டில் சாப்பாட்டு மேசை வரை வந்தது. மகன் ரெஜினால்ட் சென்னையிலிருந்து வந்து என்னை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுபோனான். சந்து முழுவதும் அதைப் பார்த்தது. அன்றிலிருந்து, அவனுடைய வேளச்சேரி வீட்டில் எனக்கு ஓர் அறை தயாராக இருக்கிறது என்று வாரம் தவறாமல் சொல்கிறான். வேளச்சேரியிலும் வெள்ளம் வருமே என்றேன். அது நாலாவது மாடி மம்மி என்றான்.

இப்போது கடலோர வரைபடப் பயிற்சி மையம் என்ற அமைப்பு நம் தூத்துக்குடியில் ஜி.ஐ.எஸ். வகுப்பு தொடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டு, அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அதைப் பற்றிய விவரத்தைச் சேர்த்துவைக்கும் படிப்பு. இதுவரை இதைப் படிக்க வேண்டுமானால் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், பட்டம் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் தேவையில்லை. வயது வரம்பும் இல்லை. தேறுகிறவர்களுக்கு வார்டு வடிகால் குழுவில் இடம் உண்டு. புதிய வடிகால் எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று அந்தக் குழுவின் வரைபடம்தான் சொல்லப்போகிறது.

ரெஜினால்டிடம் சொன்னேன். "நீங்க பாஸ் பண்ணிக் குழுவுல உக்காந்துட்டீங்கன்னா, அடுத்த மழை முடியிற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன் மம்மி" என்றான். தேறாவிட்டால் அக்டோபருக்கு முன்பு நான் சென்னை போக வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்டோம். இதற்குப் பெயர் பந்தயம் அல்ல.

ஜூன் 11

முதல் வகுப்பு. மூடிக் கிடந்த ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் நடக்கிறது. மாலை நாலு மணி முதல் ஆறு வரை. சுவரில் ஒட்டடை. நாற்காலிகளைப் போட்டிருந்த முறை சரியில்லை, உட்காரும்போது சற்றுத் தடுமாற்றமாக இருந்தது.

வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் ரேகை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். என் ரேகையை அது ஏற்கவில்லை. இடது கையும் ஏற்கவில்லை. மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெபராஜ் பின்னால் நின்றுகொண்டு, "வாஸ் அம்மா, இவ்வளவு நாள் தேச்சுத் தேச்சுக் கழுவுனா ரேகை எப்படி இருக்கும்?" என்றார். சுத்தம் பற்றிக் கேலி பேச அவருக்குத் தகுதியில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆசிரியர் செல்வின் எமரென்சியா வாஸ் என்று என் பெயரைக் கையால் எழுதிக்கொண்டார். முப்பது வயதுக்குள் இருப்பார். எங்கள் பள்ளியில் அந்தக் காலத்தில் இப்படிக் குரல் தாழ்த்திப் பேசும் ஆசிரியர் ஒருவரும் இருந்ததில்லை. கன்னியாஸ்திரிகள் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். எனக்குப் பூங்கனி என்கிற பெண்ணைப் பக்கத்தில் போட்டார்கள். நாற்பது வயது இருக்கும். பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறாள். இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் கப்பலில் போகிறவர், வருடத்தில் பாதி ஊரில் இருப்பதில்லை. இந்தச் சான்றிதழ் கிடைத்தால் வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "கம்பெனி நம்ம ஊருலயேதான்ம்மா. பஸ் ஏற வேண்டாம். நாள் பூரா நிக்கவும் வேண்டாம்" என்றாள்.

நல்ல பெண். எண்ணெய் சற்று அதிகமாக வைக்கிறாள்.

ஜூன் 13

வகுப்பு உண்டு. மழை இல்லை. மீன்காரி ஊளி என்று சொல்லி வேறு எதையோ கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். குழம்பு வைத்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 17

இன்று பூமியில் ஓர் இடத்தை இரண்டு எண்களால் சொல்வது எப்படி என்று பாடம். ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. நமக்கு எட்டும் எழுபத்தெட்டும். எல்லோரும் தங்கள் வீட்டின் எண்களைத் தட்டினோம். திரையில் தூத்துக்குடியில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பாதிப் பேர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவர்களுடைய வீடுகளெல்லாம் நார்வேக்கும் வடக்கே பனிக்கடலில் கிடந்தன. மீதிப் பேர் எண்களுக்கு நடுவே புள்ளி வைக்கவில்லை.

"பரவால்ல சார், மீன் கெட்டுப்போவாது" என்றார் ஜெபராஜ்.

செல்வின் சிரித்துவிட்டு, இந்தத் தவறைச் செய்யாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர் யாருமில்லை என்றார்.

பாடப்புத்தகம் முழுவதும் ஆங்கிலம். பூங்கனி பத்தாம் வகுப்பு தமிழ் வழியில் முடித்தவள். "இது என்னம்மா போட்டுருக்கு?" என்று வரிக்கு வரி கேட்கிறாள். நான் படித்துப் பொருள் சொல்கிறேன். மற்றவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மோசமான அச்சு. எழுத்துகளின் நடுப்பகுதி சரியாக மை பிடிக்கவில்லை. பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போகிறேன். ஆங்கிலம் கற்றுத் தந்த மதர் பிலிப்பா இந்த அச்சைப் பார்த்திருந்தால் புத்தகத்தையே திருப்பி அனுப்பியிருப்பார்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பூசை. பிறகு ஆசாரி வந்தார். முன் அறை ஜன்னல் கம்பிகள் வளைந்திருப்பதாக இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "நேராத்தானே இருக்கு தாயீ" என்கிறார். மட்டப்பலகை வைத்தும் காட்டினார். எனக்கு மட்டப்பலகையே வளைந்திருப்பது போல் பட்டது. இப்போது வரும் கருவிகள் அப்படித்தான். காபி கொடுத்து அனுப்பினேன். காபி தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது, டம்ளர்கள் புதிது.

ஜூன் 26

வரைய ஆரம்பித்துவிட்டோம். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டு, அதன் மேல் வடிகால்களைக் கோடாக இழுக்க வேண்டும். நான் கைவேலை கற்றவள். குறுக்குத் தையலில் எனக்கு முதல் பரிசு. கோடு நடுங்காமல் வருகிறது.

ஒரு கோட்டின் முனை அடுத்த கோட்டில் சரியாக உட்கார வேண்டும். மயிரிழை விட்டாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு வேறு வடிகால். தண்ணீர் அங்கே நின்றுவிடும். விட்டுப்போன முனைக்குத் தொங்கல் என்று பெயர் வைத்திருக்கிறார் செல்வின். தானாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. பயிற்சிக்காகவும் தேர்வுக்காகவும் அதை அணைத்து வைத்திருக்கிறார். "கண்ணால பாத்து ஒட்டிப் பழகுங்க. அப்புறம் அத போட்டுக்கலாம்" என்கிறார். மதர்களும் தையலில் முதலில் கைதான், பிறகுதான் மெஷின் என்பார்கள். சரியான முறை.

வார்டில் கிழக்குப் பாதி எனக்கு. மேற்குப் பாதி பூங்கனிக்கு. ஆளுக்கு ஒரு மணி நேரம். என் நேரம் முடிந்ததும் நான் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு அவள் கேட்பதற்குப் பொருள் சொல்கிறேன். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். அவள் ஏழரை வரை இருந்து முடிக்கிறாளாம். அவளுக்கு வேகம் போதாது. பழகினால் வரும்.

ஜூலை 2

இன்று வெளியே நடந்து வடிகால்களைச் சரிபார்த்தோம். நங்கூரச் சந்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று செல்வின் கேட்டார். எல்லோரும் கிழக்கே கைகாட்டினார்கள், கடல் அங்கேதானே இருக்கிறது. நான் மேற்கு என்றேன். சிரித்தார்கள்.

நாற்பத்தாறு வருடமாக அந்தச் சந்தில் குடியிருக்கிறேன். முன்பு கிழக்கே ஓடியது உண்மை. துறைமுகச் சாலையை மூன்று முறை உயர்த்திப் போட்ட பிறகு சாலை, சந்தின் மட்டத்துக்கு மேலே போய்விட்டது. தண்ணீர் கடலைப் பார்த்து வந்து, சாலையில் முட்டி, திரும்பி மேற்கே மாதா கோயில் பின்புறம் போய் நிற்கிறது. பழைய வரைபடத்தில் அம்புக்குறி இன்னும் கடலைப் பார்த்து இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதுவரை எல்லா வடிகாலையும் வெட்டியிருக்கிறார்கள்.

செல்வின் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சந்து முனையில் ஊற்றினார். மேற்கே ஓடியது.

"வாஸ் மேடம் சொன்னா சொன்னதுதான் போல" என்றார் ஜெபராஜ்.

"பின்ன? தண்ணி அவுக வீட்டு மேசை வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போயிருக்கு" என்றாள் பூங்கனி.

திரும்பி வரும்போது வடிகால் மேல் மூடிய பலகைக்கல் ஒன்று விலகியிருந்தது. அதில் கால் பட்டுவிட்டது. பூங்கனி என் முழங்கையைப் பிடித்தாள், கடைசி வரை விடவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கை பிடித்து நடப்பது வழக்கம்.

ஜூலை 8

ரெஜினால்ட் பேசினான். படிப்பு எப்படிப் போகிறது என்றான். வகுப்பிலேயே ஒரு தொங்கல்கூட இல்லாதது என் பக்கம்தான் என்று ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதைச் சொன்னேன். அது உண்மை. நேற்று நடந்தது.

"கண்ணு எப்படி மம்மி இருக்கு? போன தடவ கண்ணாடி மாத்தணும்னீங்களே."

"கண்ணாடி மாற்ற நேரம் இல்லை. படிப்பு இருக்கிறது."

"வீடியோல என்னப் பாக்காம வேற எங்கயோ பாத்துப் பேசுறீங்க."

கேமரா எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றேன். வேளச்சேரி அறைக்குத் திரைச்சீலை வாங்கியிருக்கிறானாம். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 12

மாவு அரைத்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஜூலை 21

இன்று எனக்குப் பிடிக்காத ஒன்று நடந்தது. செல்வின் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றார்.

"பூங்கனி அக்கா, கிழக்குப் பக்கம் முடியப்போகுது. உங்க மேற்குல ரெண்டே தெருதான் வந்திருக்கு. தேர்வுக்கு முன்னாடி முழுசும் குடுக்கணும். இல்லன்னா உக்கார விடமுடியாது."

"முடிச்சிருவேன் சார்."

"தினம் ஏழரை வரைக்கும் இருக்கீங்க. என்னதான் செய்றீங்க?"

அவள் காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

ஆசிரியர் போன பிறகு நான் அவளிடம் பேசினேன். இரக்கத்தோடுதான் பேசினேன். கவனம் சிதறக் கூடாது என்றேன். ஒரு கோட்டை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றேன். என் கோடுகளைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்றேன்.

"பாக்கேன்ம்மா" என்றாள். "தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கடையில் காலையிலிருந்து நிற்கிறாள், பிறகு வகுப்பு. களைப்பு இருக்கும். ஆனாலும் ஒழுங்கு வேண்டும்.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். நெரிசல். தூண் பக்கத்தில் இடம் கிடைத்தது. கொடி ஏறிவிட்டது என்று சொன்னார்கள். கைதட்டினேன்.

ஜூலை 29

பூங்கனி வரவில்லை. சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று நேற்றே போனில் சொல்லியிருந்தாள். நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கம்ப்யூட்டர் முழுவதும் எனக்குத்தான். இரண்டு நாளில் கோயில் பின்புறத் தெருக்கள் எல்லாவற்றையும் போட்டு முடித்தேன்.

மாலையில் செல்வின் என் வரைபடத்தை எல்லோருக்கும் காட்டிப் பாடம் நடத்தப்போவதாகச் சொன்னார். பெரிய திரையில் போட்டார். அதில் தண்ணீர் விட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓர் இடத்தில் தொடங்கச் சொன்னால், அங்கிருந்து தண்ணீர் எதுவரை போகும் என்று கோடுகள் நீலமாக மாறிக்கொண்டே போகும். "நங்கூரச் சந்துலேருந்து தொடங்குவோம். இது எவ்வளவு சுத்தமா ஓடுதுன்னு பாருங்க" என்றார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. நான் காத்திருந்தேன்.

"எதுவரை போயிருக்கிறது?" என்று கேட்டேன்.

ஜெபராஜ், என்றும் இல்லாத மெதுவான குரலில், "கோயில் வரைக்கும் நல்லா வந்துட்டும்மா. அதுக்கு மேல நின்னுட்டு" என்றார்.

"எந்த இடத்தில்?"

"எல்லா முக்குலயுந்தான்."

செல்வின் பக்கத்தில் வந்தார். "மேடம், போன வாரம் வரைக்கும் ஒரு தொங்கல் இல்ல. இந்த ரெண்டு நாள்ல போட்டது மட்டும் எல்லா முனையும் திறந்து கிடக்கு. எப்படி?"

கம்ப்யூட்டர் பழுது என்றேன். சொன்னபோது அதை நம்பித்தான் சொன்னேன்.

சந்துக்கு வந்து, கதவைத் திறந்து, விளக்குப் போட்டு உட்கார்ந்தேன். போன வாரம் வரை வரைந்தவள் நான். இந்த இரண்டு நாளும் வரைந்தவள் நான். ஏழரை வரை இருந்தவள் நானல்ல.

ஜூலை 30

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 31

பூங்கனி வந்தாள். கையில் ஒரு பை நிறைய நாட்டு வாழைப்பழம். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஜெபராஜ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டேன்.

"என் வேலையைத் தொட உனக்கு அனுமதி கொடுத்தது யார்?"

"யாரும் குடுக்கலம்மா."

"பிறகு?"

"நீங்க போடுத கோடு அவ்வளவு அழகா இருக்கும். ஆனா முடியிற எடத்துல, நீங்க உத்துப் பாக்கிற எடத்துல மட்டும், கொஞ்சம் விட்டுப் போயிருது. வேற எங்கயும் தப்பு கிடையாது. அதச் சொன்னா நீங்க வகுப்ப விட்டு நின்னுருவீய. அதான், நீங்க போனதுக்கு அப்புறம் ஒண்ணொண்ணா இழுத்து ஒட்டிட்டேன்."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"உன் பக்கம் இரண்டு தெருதான் இருக்கிறது. உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும்."

"உன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரத்தை எனக்குத் தந்துவிட்டு வேலை வேண்டும் என்றால் எப்படிக் கிடைக்கும்? என்ன நினைத்துக்கொண்டு செய்தாய்? நான் கேட்டேனா?"

அவளுக்கும் கோபம் வந்தது. எழுந்துவிட்டாள்.

"நீங்க கேக்க மாட்டீய. அதுதானே வெனை. அந்த இங்கிலீஷ் புத்தகத்துல எனக்கு ஒரு வரி தெரியாது. செல்வின் சாரு ஒரு தடவதான் சொல்லுவாரு. நீங்க ஒம்போது தடவ சொல்லுவீய, மொகம் சுளிக்காம. நீங்க நின்னுட்டா நானும் அன்னைக்கே நின்னுருக்கணும். எனக்காவவும் சேத்துத்தான் ஒட்டுனேன். தருமம் ஒண்ணும் பண்ணல."

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் சத்தமாக ஓடும்.

"உனக்கு எப்போது தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. நாற்காலின்னு நெனச்சு என் மடியில உக்காரப் பாத்தீயளே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு நான் உட்கார்ந்தேன். அவள் சமையலறைக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். என் டம்ளரை என் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"என் மூஞ்சி தெரியுதாம்மா?"

"ஓரம் தெரிகிறது. காது, கம்மல். நடுவில் புகை போல இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்தால் மூக்கு தெரியும்."

இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

"டாக்டர்ட்ட போனீயளா?"

"போகிறேன்."

"ஒங்க மவனுக்குத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிருவாகன்னு பயம். அதானே?"

வாழைப்பழம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

திருநெல்வேலி போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பூங்கனி கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். பஸ்ஸில் கூட்டம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாட்டெல்லாம் மனப்பாடம்தான்.

டாக்டர் சிறு பையன் போல இருந்தார், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார். வலது கண்ணின் நடுப்பார்வை திரும்ப வராது. இடது கண்ணில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஊசி உண்டு, மாதம் ஒரு முறை வர வேண்டும், அதிகம் போகாமல் பிடித்துவைக்கலாம். ஓரப் பார்வை கடைசி வரை இருக்கும். முழு இருட்டு வராது என்று இரண்டு முறை சொன்னார். நான் ஒரு முறைதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 4

வகுப்பு முடிந்த பிறகு பூங்கனியும் நானும் மட்டும் இருந்து ஒன்று செய்து பார்த்தோம். பின்னணியைக் கறுப்பாக மாற்றினோம். கோடுகளை மஞ்சளாக, விரல் தடிமனுக்கு. சுட்டியைப் பெரிதாக்கினோம். பிறகு அந்தத் தானாக ஒட்டும் வசதியைப் போட்டோம். முனை பக்கத்தில் வந்ததும் 'டக்' என்று கோடு கோட்டோடு சேர்ந்துகொள்கிறது. எந்த முனை எங்கே சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். நடந்து பார்த்த தெருக்கள். நான் நேரே பார்க்காமல், சற்று மேலே பார்த்துக்கொண்டு போட்டேன். மீன்கடைத் தெரு முழுவதும் போட்டேன். பூங்கனி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள், தொடவில்லை.

தண்ணீர் விட்டாள்.

"ஓடுதும்மா."

"எதுவரை?"

"கடைசி வரைக்கும்."

ஆனால் தேர்வில் அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும். விதி அப்படி.

"சார்ட்ட வாயால ஒரு வார்த்த கேட்டுப் பாப்போமே" என்றாள். விதியை மாற்றச் சொல்கிறவர்கள் வாயால் கேட்கக் கூடாது என்றேன்.

ஆகஸ்ட் 6

நேற்று மாதா திருநாள். சப்பரம் வந்தபோது சந்து முனையில் நின்றேன். பெண்கள் பாடிக்கொண்டு போனார்கள்.

இன்று காலை ரெஜினால்டை நானே அழைத்தேன். கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் நடந்ததையும் சொன்னேன்.

"எப்பலேருந்து மம்மி?"

"போன அக்டோபரிலிருந்து."

"அப்ப தண்ணி வந்தப்பவே..."

"ஆமாம்."

அலுவலகச் சத்தம் கேட்டது.

"டிக்கெட் போடுறேன்" என்றான்.

"நான் வருவதாகச் சொல்லவில்லை."

"எனக்கு மம்மி. ஊசிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

அறையைப் பற்றிப் பேசவில்லை. வந்த பிறகு பேசுவான். ஒப்பந்தம் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். "பாஸ் பண்ணுங்க, பாப்போம்" என்றான். குரல் சரியாக இல்லை. இக்னேஷியஸுக்கும் அழுகை வந்தால் இப்படித்தான் குரல் மாறும்.

ஆகஸ்ட் 7

கடிதம் எழுதினேன். தடித்த மை பேனாவால், ஒரு தாளுக்கு ஏழெட்டு வரி. பூங்கனி அவளைப் பற்றிய பகுதியை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. பிரதி இங்கே:

திரு. செல்வின் அவர்களுக்கு,
கடலோர வரைபடப் பயிற்சி மையம், தூத்துக்குடி.

ஐயா,

1. ஜூலை 29 அன்று கம்ப்யூட்டர் பழுது என்று நான் சொன்னது தவறு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்தது. எனக்கு வலது கண்ணில் நடுப்பார்வை இல்லை. இடது கண்ணில் குறைந்துவருகிறது. டாக்டரின் சான்று இணைத்துள்ளேன். சேரும்போதே இதைத் தெரிவித்திருக்க வேண்டும்.

2. ஜூலை 25 வரை கிழக்குப் பாதியில் நான் வரைந்த கோடுகளின் முனைகளை ஒவ்வொரு மாலையும் ஒட்டிச் சரிசெய்தவர் திருமதி பூங்கனி. எனக்குத் தெரியாமல் செய்தார். அதற்கு நீங்கள் தந்த பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் மேற்குப் பாதியில் பின்தங்கியதற்கு அந்த மணி நேரங்கள்தான் காரணம், வேகமின்மை அல்ல. அவர் தம் பகுதியை முடிக்க இரண்டு வாரம் கூடுதலாகத் தர வேண்டும். இந்தச் சான்றிதழால் கிடைக்கும் வேலை அவருக்கு மிகவும் தேவை.

3. தேர்வில் எனக்குக் கறுப்புப் பின்னணி, தடித்த கோடு, தானாக ஒட்டும் வசதி ஆகிய மூன்றையும் அனுமதிக்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு எல்லோரும் அந்த வசதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நீங்களே சொன்னீர்கள். மயிரிழையைக் காணும் கண் என்னிடம் இல்லை. எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது தெரியும். நீங்கள் தேர்வில் சோதிக்க விரும்புவது எதை என்று முடிவு செய்யுங்கள். முன்பு வரைந்தவற்றை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து நானே போடத் தயாராக இருக்கிறேன்.

4. மூன்றாவது கோரிக்கைக்கு இடமில்லை என்றாலும் இரண்டாவதைத் தனியாகப் பரிசீலிக்கவும்.

முடிவு எதுவானாலும் தேர்வுக்கு முன்பாக எனக்கு எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்துகள் பெரிதாக இருக்கட்டும். நானே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
எமரென்சியா வாஸ்,
நங்கூரச் சந்து.